ஆளை விடுவதும் ஆளுக்கு விடுவதும்

மாற்கு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைக் கிரேக்கத்தில் வாசிப்பவர் ஒரே வினைச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார். சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் புறப்படுகிறார்கள். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகிலேயே விட்டுப் போகிறார்கள். சீமோனின் மாமியாருக்குக் காய்ச்சல் விடுகிறது. இயேசு பேய்களைப் பேச விடவில்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன. ஐந்து இடத்திலும் கிரேக்கத்தில் நிற்கும் வினை ஒன்றுதான்: அஃபியேமி.

முதல் நான்கையும் 'விடு' என்ற ஒரே சொல்லால் சொல்லத் தமிழில் சிரமமே இல்லை. ஐந்தாவதில் மட்டும் 'மன்னி' என்று வேறு சொல்லுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. காரிமங்கலத்தில் ஒரு சிறிய சபைக்குப் பிரசங்கம் செய்கிற எனக்கு, இந்த ஒரு தாவல்தான் பல வருடப் படிப்புக்குத் தீனி. ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்குரிய பகுதியை முதலில் கிரேக்கத்தில் வாசிப்பேன். மேசையில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே-ஆலந்து 28ஆம் பதிப்பு, தமிழ் மொழிபெயர்ப்புகளான பழைய திருப்புதல், திருவிவிலியம், பக்கத்திலேயே ஒரு நன்னூல். நன்னூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே பதில்.

முதலில் வினையின் உருவம். 'அப்போ' என்பது 'அப்பால்' என்ற பொருள் தரும் முன்னொட்டு. 'ஹியேமி' என்றால் அனுப்பு, எறி. இரண்டும் சேர்ந்தால் அப்பால் அனுப்பு, கைவிட்டுப் போக விடு. கிரேக்கத்தில் 'மி' என்று முடியும் பழைய வினைகள் சில உண்டு. எண்ணிக்கையில் குறைவு, புழக்கத்தில் அதிகம், உருவத்தில் முரண்டு. புதிய ஏற்பாட்டில் சுமார் 140 இடங்களில் வரும் இந்த வினையும் அந்தக் குடும்பம். அஃபேகென் என்றால் 'விட்டான்'. அந்த 'க்' ஓசையைக் கண்டு புதிதாகப் படிப்பவர்கள் அதைப் பெர்ஃபெக்ட் (முடிந்த செயலின் நிலை தொடர்வதைச் சொல்லும் வடிவம்) என்று நினைப்பார்கள். உண்மையில் அது அயோரிஸ்ட், அதாவது செயலை நீட்டாமல், பிரிக்காமல், ஒரே முழுமையாகச் சொல்லும் வடிவம். பேய்களைப் பேச விடாத இடத்தில் வருவது ஏஃபியென். இறந்தகால அடையாளம் வழக்கமாக முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவே வர வேண்டும். இங்கே அது முன்னொட்டுக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. பேசுகிறவர்கள் முன்னொட்டை மறந்து முழுச்சொல்லையும் ஒரே வினையாக நினைத்துவிட்டதன் தடயம் அது. அந்த அளவுக்கு அது தெருவில் புழங்கிய சொல்.

இங்கே அதற்கு இணையான தெருச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலையில், தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இருக்கும் ஊர் எங்களுடையது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீடுகளுக்குள் பேசப்படும் மாவட்டம். சந்தையில் இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால் மூன்றாவது ஆள் வந்து "போனாப் போவுது, உடுப்பா" என்பார். அவர் கன்னடக்காரரானால் "ஹோகலி பிடு" என்பார். பிடுவும் விடுவும் ஒரே வேர். காய்ச்சலைப் பற்றிக் கேட்கும்போதும் "காய்ச்ச உட்டுதா?" என்பதுதான் எங்கள் பேச்சு. யோவான் நான்காம் அதிகாரத்தில், ராஜாவின் அதிகாரியினுடைய மகனுக்கு ஏழாம் மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது என்று வேலைக்காரர்கள் சொல்லும் இடத்தில் கிரேக்கமும் இதே வினையைத்தான் போடுகிறது. மத்தேயு 27:50இல் இயேசு உயிர் விடும்போதும் அதே வினை. பழைய திருப்புதலும் அங்கே 'விட்டார்' என்றே முடிக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இப்படிப்பட்ட இடங்கள் திருநாள் மாதிரி.

ஆனால் அகராதியில் இருக்கும் அத்தனை பொருளையும் ஒரே இடத்தில் கொட்டுவது மேடைக்காரர்களின் பழைய வியாதி. "காய்ச்சல் அவளை விட்டது என்ற சொல்லும் பாவமன்னிப்பு என்ற சொல்லும் ஒன்றே, ஆகவே அவளுடைய காய்ச்சல் மன்னிக்கப்பட்டது" என்று ஒருவர் முழங்கினால் கூட்டம் அல்லேலூயா சொல்லும். இலக்கணம் சொல்லாது. ஜேம்ஸ் பார் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1961இல் விவிலியச் சொற்பொருள் பற்றி எழுதிய நூலில் இந்தப் பழக்கத்தைத்தான் கடுமையாகத் தாக்கினார். ஒரு சொல் ஓரிடத்தில் என்ன சொல்கிறது என்பதை அதன் வேர் முடிவு செய்வதில்லை. அது எந்த வாக்கியத்தில், யாரை எந்த வேற்றுமையில் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பதே முடிவு செய்கிறது.

அஃபியேமிக்கு முக்கியமாக மூன்று வாக்கிய அமைப்புகள் உண்டு. ஒன்று, ஒரு பொருளையோ ஆளையோ இரண்டாம் வேற்றுமையில் வைப்பது: வலையை விட்டார்கள், தகப்பனை விட்டார்கள். இரண்டு, இன்னொரு வினையை எச்சமாகச் சேர்ப்பது: பேச விடவில்லை, பிள்ளைகளை வர விடுங்கள். மூன்று, பொருள் இரண்டாம் வேற்றுமையிலும் ஆள் நான்காம் வேற்றுமையிலும் நிற்பது: அவனுக்குக் கடனை விட்டான். இந்த மூன்றாவதுதான் மன்னிப்பு.

இப்போது நன்னூலைத் திறக்கலாம். பவணந்தி முனிவர் இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது ஆக்கல், அழித்தல், அடைதல் என்று சொல்லிவந்து 'நீத்தல்' என்பதையும் சேர்க்கிறார். நான்காம் வேற்றுமைக்கு வரும்போது அவர் முதலில் வைப்பது 'கொடை'. அஃபியேமியைக் கண்ணால் காணாத ஒருவர் அதன் இலக்கணத்தை எழுதி வைத்ததுபோல இருக்கிறது. ஆள் 'ஐ' உருபோடு வந்தால் நீத்தல், அவனைத் துறந்து போதல். ஆள் 'கு' உருபோடு வந்தால் கொடை, அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிடுதல். கணவன் மனைவியைத் தள்ளிவிடுவதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இதே வினையை ஆளை இரண்டாம் வேற்றுமையில் வைத்து எழுதுகிறார். கெத்செமனேயில் சீடர்கள் எல்லாரும் இயேசுவை விட்டு ஓடிப்போவதை மாற்கு சொல்லும்போது வரும் சொல் அஃபென்தெஸ். முதல் அதிகாரத்தில் வலையை விட்டபோதும் தகப்பனை விட்டபோதும் வந்த அதே வடிவம், எழுத்துக்கு எழுத்து. ஆளை விடுவது இது.

ஆளுக்கு விடுவதை மத்தேயு 18:27 ஒரே வசனத்தில் பிரித்துக் காட்டுகிறது. கடன்பட்ட வேலைக்காரன் காலில் விழுகிறான், எஜமானுக்கு மனம் உருகுகிறது. அடுத்து இரண்டு வினைகள். அவனை விடுதலை செய்தான்: இங்கே அஃபியேமி இல்லை, அப்பெலூசென் என்ற வேறு வினை, ஆள் இரண்டாம் வேற்றுமை. அவனுக்குக் கடனை விட்டான்: இங்கேதான் அஃபேகென்; கடன் இரண்டாம் வேற்றுமை, ஆள் நான்காம் வேற்றுமை. மன்னிக்கிறவன் கையிலிருந்து போவது கடன். ஆள் எங்கும் போவதில்லை, வாங்கிக்கொள்கிறவனாக எதிரிலேயே நிற்கிறான்.

பழைய திருப்புதலின் பரமண்டல ஜெபத்தில் 'எங்களுக்கு' என்றொரு சொல் 'மன்னியும்' என்பதற்கு முன் வரும். இன்றைய தமிழில் 'என்னை மன்னி' என்றுதான் சொல்கிறோம். 'எனக்கு மன்னி' என்பது காதில் உறுத்தும். உறுத்துவதற்குக் காரணம் மொழிபெயர்த்தவர்களின் தமிழறியாமை அல்ல. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு முதல், 1871இன் பதிப்பை முடித்த ஹென்றி பவர் குழு வரை, கிரேக்கத்தின் வேற்றுமையைக் கைவிடக்கூடாது என்று கவலைப்பட்டு உழைத்த மரபு அது. அந்த 'கு' கிரேக்கத்தின் 'கு'.

அப்படியானால் 'மன்னி'யைத் தூக்கிவிட்டு 'விடு' என்றே போட்டுவிடலாமே என்று ஒரு இளைஞர் வகுப்பில் கேட்டார். முடியாது. 'குடியை விட்டான்' என்றால் குடிப்பதை நிறுத்தினான். 'பாவத்தை விட்டான்' என்றால் பாவம் செய்வதை நிறுத்தினான். தமிழில் பாவத்தை விடுகிறவன் பாவி; கிரேக்கத்தில் விடுகிறவர் பாவத்தால் நட்டப்பட்டவர். எழுவாயே தலைகீழாகிவிடும். அதனால்தான் தமிழுக்கு இன்னொரு சொல் தேவைப்பட்டது. கத்தோலிக்கரின் பழைய ஜெபத்தில் அது 'பொறுத்தருளும்'. எபிரேயத்தில் மன்னிப்பதற்கு 'நாசா' என்றொரு வினை உண்டு. தூக்கு, சுமந்து போ என்பதே அதன் முதற்பொருள். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 32ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் அஃபியேமியைப் போட்டார்கள். சுமத்தல் விடுதலாக மாறியது. 'பொறு' என்ற தமிழ் கிரேக்கத்தைத் தாண்டி எபிரேயத்தின் பக்கத்தில் போய் நிற்கிறது.

ஆனால் 'விடு' தமிழில் தோற்றுப்போகவில்லை. முன்வாசலில் மறுக்கப்பட்டு, பின்வாசல் வழியாக வந்துவிட்டது. யாராவது வாயைத் திறந்து 'மன்னி' என்று மட்டும் கேட்கிறார்களா? 'மன்னிச்சிடுங்க' என்கிறார்கள். மன்னித்து + விடுங்கள். துணைவினையாக நிற்கும் இந்த விடு, செயல் முடிந்து தீர்ந்தது என்பதைச் சொல்கிறது. 'வர விடு' என்பதும் 'வந்து விடு' என்பதும் வேறு வேறு. முதலாவது கிரேக்கத்தில் அப்படியே உண்டு, இரண்டாவது கிரேக்கத்தில் கிடையாது. அந்த இரண்டாவது வேலையை அங்கே அயோரிஸ்ட் ஓரளவு செய்கிறது. பரமண்டல ஜெபத்தில் வரும் ஏவல் அஃபெஸ் ஓர் அயோரிஸ்ட். 'மன்னித்துக்கொண்டிரும்' என்று அது சொல்லவில்லை, 'மன்னித்துவிடும்' என்கிறது. இங்கேயும் அளவோடு நிற்க வேண்டும். அயோரிஸ்ட் என்றாலே 'ஒரேயடியாக, என்றென்றைக்குமாக' என்று பிரசங்கிப்பதை ஃப்ராங்க் ஸ்டாக் 1972இல் ஒரு கட்டுரை எழுதியே கண்டித்தார். கடவுளிடம் கேட்கும்போது கிரேக்கர் பெரும்பாலும் அயோரிஸ்டில்தான் கேட்பார்கள். லூக்கா அப்பத்தைக் கேட்கும்போது மட்டும் நாள்தோறும் தந்துகொண்டிரும் என்ற நிகழ்கால ஏவலுக்கு மாறுகிறார். அப்பம் தினமும் வர வேண்டும். மன்னிப்போ கேட்ட இடத்தில் கேட்ட கணக்கை முடிக்க வேண்டும்.

காலமும் வடிவமும் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கின்றன என்பதற்குத் திமிர்வாதக்காரன் கதையே சாட்சி. மாற்கு 2:5இல் நெஸ்லே-ஆலந்து ஏற்றிருக்கும் பாடம் அஃபியென்தாய், நிகழ்காலம்: இதோ, இப்போதே மன்னிக்கப்படுகின்றன. லூக்கா 5:20இல் அஃபெயோன்தாய், பெர்ஃபெக்ட்: மன்னிக்கப்பட்டிருக்கின்றன, அந்த நிலை இனித் தொடரும். இரண்டும் செயப்பாட்டு வினை. யார் மன்னித்தது என்று சொல்லப்படவில்லை. தேவனுடைய பெயரை உச்சரிக்கத் தயங்கும் யூதர், செயலை அவருக்கு விட்டுச் சொல்லும் முறை அது. வேதபாரகர் மனதுக்குள் பொங்குவது அதனால்தான். பத்தாம் வசனத்தில் இயேசு அந்தத் திரையை விலக்குகிறார்: பூமியில் பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு என்னும்போது வினை செய்வினையாகிவிடுகிறது, எழுவாயும் வந்துவிடுகிறது. வழக்கு முழுவதும் ஒரே வினையின் செயப்பாட்டுக்கும் செய்வினைக்கும் நடுவில் நடக்கிறது.

இந்த வினைக்கு வேதத்துக்கு வெளியே ஒரு பழைய தொழில் உண்டு. ஐந்தாம் தாலமி அரசனுக்காக கி.மு. 196இல் எகிப்தின் மெம்பிஸில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம் ரொசெட்டா கல்லில் இருக்கிறது. 1799இல் கண்டெடுக்கப்பட்டு, எகிப்திய எழுத்தை வாசிக்க உதவிய அதே கல். அதன் கிரேக்கப் பகுதியில், அரசன் சில வரிகளை முற்றிலும் நீக்கினான், அரசுக்குச் சேர வேண்டிய பாக்கிகளை விட்டான் என்று வரும் இடங்களில் நிற்பது அஃபேகென். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கமாக்கிய யூதர்களும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தவர்கள். உபாகமம் 15இல் ஏழாம் ஆண்டுக் கடன் விடுதலைக்கும், லேவியராகமம் 25இல் யூபிலி ஆண்டுக்கும் அவர்கள் போட்ட சொல் இதன் பெயர்ச்சொல்லான அஃபெஸிஸ். நாசரேத்து ஜெபஆலயத்தில் ஏசாயாவின் சுருளை இயேசு வாசிப்பதாக லூக்கா எழுதும் பகுதியில் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. மன்னிப்பு என்று நாம் கோயிலுக்குள் பாடும் சொல், அரசாணையிலும் கடன் ஏட்டிலும் புழங்கி வந்த சொல்.

எங்கள் மக்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்காத விவசாயக் குடும்பம் இங்கே குறைவு. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பின் இலக்கணத்தைப் பாருங்கள்: தள்ளுபடியானது கடன், விவசாயி அல்ல. விவசாயிகளுக்குக் கடன் தள்ளுபடி. அதே 'கு'. பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று சங்க வாசலில் நின்ற எவரும் "அரசு என்னை மனதார மன்னித்ததா?" என்று கேட்கவில்லை. ஏட்டில் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

மத்தேயு 18இன் உவமைத் தொகையையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தாலந்து 6,000 தெனாரியு. ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி. 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டு. அதை விடப்பெற்றவன் வெளியே வந்து, தனக்கு 100 தெனாரியு தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. வாரக் குழுக் கடனுக்கும் தண்டலுக்கும் பழகிய பெண்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். 100 தெனாரியு என்பதும் மூன்று மாதக் கூலிக்கு மேல். சிறிய கடன் அல்ல, ஒப்பிடும்போதுதான் சிறியது. சகோதரன் நமக்குச் செய்தது ஒன்றுமேயில்லை என்று உவமை சொல்லவில்லை. அது மெய்யான கடன்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகே விடச் சொல்கிறது.

இந்த இலக்கணம் மேய்ப்புப் பணியில் எனக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. அடித்துத் துரத்திய கணவனைப் பற்றிப் பேசும் பெண்கள், "மன்னிச்சுட்டேங்கையா, அப்ப திரும்பப் போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்பார்கள். மன்னிப்பும் திரும்பப் போவதும் ஒரே செயல் என்று பலர் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மத்தேயு 5:24இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று வருகிறது. விடுவதற்கு அஃபியேமி, ஒப்புரவாவதற்கு முற்றிலும் வேறு வினை. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், அதிலும் அங்கே எழுந்து போகச் சொல்வது தவறு செய்தவனைத்தான். கடனை விடுவதற்கு ஒருவர் போதும். பழி வாங்கும் உரிமையை அவள் விட்டுவிடலாம், கதவைப் பூட்டியும் வைக்கலாம். வினையின் செயப்படுபொருள் கடன்; அவளுடைய உடம்பு அல்ல.

பரமண்டல ஜெபத்தின் மன்னிப்பு வேண்டுதலில், இரண்டாம் பாதியில் ஒரு பாடவேறுபாடு உண்டு. பழைய திருப்புதலின் மூலத்தில் வினை நிகழ்காலம்: நாங்கள் மன்னிக்கிறோம். சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் மத்தேயுவின் பாடம் அஃபேகமென், அயோரிஸ்ட்: நாங்கள் விட்டோம். கேட்பதற்கு முன்பே விட்டு முடித்தவனாக ஜெபிக்கிறவன் நிற்கிறான். லூக்காவிலோ நிகழ்காலம், அதுவும் எங்களுக்குக் கடன்பட்ட ஒவ்வொருவருக்கும் என்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இன்றைக்கு முடித்த கணக்கு, நாளைக்குப் புதிதாகத் திறக்கும் கணக்கு, இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அஃபேகமென் என்ற அதே வடிவத்தை மத்தேயுவில் இன்னொருவர் வாயிலும் கேட்கிறோம். 19ஆம் அதிகாரத்தில் பேதுரு சொல்கிறார்: எல்லாவற்றையும் விட்டோம், எங்களுக்கு என்ன கிடைக்கும்? வலை, படகு, வீடு, எல்லாம் இரண்டாம் வேற்றுமை. அதற்கு ஒரே ஓர் அதிகாரம் முன்பு, சகோதரனுக்கு எத்தனை முறை விட வேண்டும், ஏழு முறை போதுமா என்று எண்ணிக்கை கேட்டவரும் அதே பேதுருதான். அங்கே சகோதரன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். தொழிலையும் சொத்தையும் ஒரே மூச்சில் விட்ட மனிதர், ஆளுக்கு விடும்போது விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார். துறவைப் பெரிதாகப் பேசும் நாட்டில் இருக்கிறோம். எதையெதை விட்டோம் என்று சாட்சி சொல்ல எங்கள் சபையிலும் ஆளுக்குக் குறைவில்லை. இனி அப்படிச் சாட்சி சொல்கிறவர்களிடம் யாருக்கு எதை விட்டீர்கள் என்றும் கேட்கலாம் என்றிருக்கிறேன், என்னையும் சேர்த்து.